சாயக்காரரின் படிப்பு

(ஆண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் டையிங் மாஸ்டர்களை முன்னால் வரச் சொன்னேன். "இருக்கட்டும் சார், இங்கேயே சௌகரியந்தான்" என்று சொல்லிவிட்டார்கள். வாழ்நாளில் பாதியைச் சாய ஆலையில் கழித்தவர்கள் கல்லூரி அரங்கு என்றதும் பின்னால் போய்விடுகிறார்கள். பட்டப்படிப்பு முடிக்கப்போகிறவர்கள் முன்னால் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாரும் ஒரே தொழிலைச் சேர்ந்தவர்கள் என்பதை வலியுறுத்தத்தான் வந்திருக்கிறேன்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாய ஆலைக்குள் நுழைந்தால் பாய்லர் ஒன்று இருக்கும். அதை இயக்குகிறவர் அரசுத் தேர்வெழுதித் தகுதிச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். கொதிகலன் சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. நாலு எட்டு தள்ளி சாஃப்ட் ஃப்ளோ மெஷின்கள் வரிசையாக நிற்கும். அங்கே நாளொன்றுக்கு டன் கணக்கில் உப்பையும் காரத்தையும் சாயத்தையும் தண்ணீரில் கொட்டச் சொல்கிறவருக்குச் சட்டப்படி எந்தப் படிப்பும் வேண்டாம், எந்தச் சான்றிதழும் வேண்டாம். முதலாளிக்கு அவர்மேல் நம்பிக்கை இருந்தால் போதும். பாய்லர் வெடித்தால் பக்கத்தில் நிற்கிறவர் சாவார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. சாயத்தொட்டியில் நடக்கும் தவறு பல மைல் தள்ளித் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர் கிணற்றில் போய் முடியும் என்பது புரிய நமக்கு வெகுகாலம் ஆயிற்று. புரிந்த பிறகும் அந்த மெஷினுக்கு முன்னால் நிற்கிறவரின் படிப்பைப் பற்றி நாம் யோசிக்கவில்லை. சுத்திகரிப்பு நிலையத்தைப் பற்றி மட்டும் யோசித்தோம்.

கணக்கோடு பேசுவோம். 300 கிலோ பருத்திப் பின்னல் துணி, நேவி ப்ளூ ஷேடு. துணியின் ஒரு கிலோவுக்கு 6 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஒரு குளியலுக்கு 1,800 லிட்டர். துணி எடையில் 3 சதவீதம் சாயம், அதாவது 9 கிலோ. லிட்டருக்கு 80 கிராம் உப்பு, 144 கிலோ. லிட்டருக்கு 20 கிராம் சோடா உப்பு, 36 கிலோ. ஒன்பது கிலோ சாயத்தைத் துணியில் ஏற்ற நூற்றெண்பது கிலோ உப்பும் காரமும் வேண்டியிருக்கிறது. மாஸ்டர்களுக்கு இது தினசரிச் சமையல். மாணவர்களில் சிலர் இப்போதுதான் பெருக்கிப் பார்த்து நிமிர்கிறீர்கள்.

ஏன் இவ்வளவு உப்பு? தண்ணீரில் நனைந்த பருத்தி இழைக்கு எதிர்மின் தன்மை. கரைந்த சாயத்துக்கும் எதிர்மின் தன்மை. ஒன்றையொன்று விலக்கும். உப்பு அந்த விலக்கலைத் தணித்துச் சாயத்தை இழைக்குள் தள்ளுகிறது. 60 டிகிரிச் சூட்டில் சோடா உப்பு சேர்ந்து காரத்தன்மை பி.எச். 11-ஐ நெருங்கும்போது சாயம் இழையோடு வேதிப்பிணைப்பு கொள்கிறது. ரியாக்டிவ் சாயம் என்று பெயர் வந்தது அதனால்தான். ஆனால் அதே காரத்தில் சாயத்தின் ஒரு பகுதி தண்ணீரோடும் வினைபுரிந்துவிடும். பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளை வழியிலேயே வேறொருத்திக்குத் தாலி கட்டிவிட்ட கதைதான். அந்தச் சாயம் இனி இழையோடு சேராது. சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும். சோப்புப் போட்டுக் கொதிநிலையில் அலசி அதை வெளியேற்றாவிட்டால், வாங்குகிறவர் வீட்டு வாளியில் வெளியேறும். வினையில் சேராமல் போவது சாயத்தையும் ஷேடையும் பொறுத்து 20 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். உப்போ துணியில் தங்குவதே இல்லை. போட்டதெல்லாம் தண்ணீரோடு வெளியே வரும்.

ப்ளீச்சிங், அலசல், சாயம், மறுபடி அலசல், சோப்பிங், ஃபிக்ஸிங், சாஃப்ட்னர் என்று பத்துக் குளியல் ஆகிறது என்றால் 18,000 லிட்டர். இது எல்லாம் சரியாக நடந்தால். ஷேடு தவறினால் ஹைட்ரோஸும் காஸ்டிக்கும் போட்டு உரித்து எடுத்து, மறுபடி முதலிலிருந்து சாயம் போட வேண்டும். மறுபடி 144 கிலோ உப்பு. ஒரு லாட் தவறுவது என்றால் என்ன என்பதை ரூபாயில் எல்லா முதலாளிகளும் சொல்வார்கள். அதை லிட்டரிலும் கிலோவிலும் சொல்லப் பழகுவதுதான் சாயப் படிப்பின் முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நொய்யலில் நடந்தது உங்களுக்குத் தெரியும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை சாயக்கழிவின் தேக்கமாகிப் போனது. நிறத்தைக் கண்டு பயந்தோம். நிறத்தை எடுப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. பழைய சுத்திகரிப்பு முறைகளே ஓரளவு எடுத்துவிடும். கரைந்த உப்பை அவை தொடவே தொடாது. வெளியேற்றலாம் என்று விதித்த வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். சாயக்குளியலில் லிட்டருக்கு 80,000 மில்லிகிராம் உப்பு. அலசல் தண்ணீர் எல்லாம் சேர்ந்து நீர்த்தாலும் வரம்புக்குள் வருமா? விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2009-இல் உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது. 2011 ஜனவரி 28 அன்று, பூஜ்யக் கழிவு நிலையை எட்டாத நிலையில், திருப்பூரின் சாய ஆலைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட ஆலைகள் நின்றன.

பிறகு வந்த சவ்வூடு வடிகட்டல், ஆவியாக்கிகள், உப்பை மீட்டு மறுபடி பயன்படுத்துவது எல்லாம் உண்மையிலேயே பெரிய சாதனைகள்தான். குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆவியாக்கியில் ஒரு கிலோ உப்பை மீட்க எவ்வளவு எரிபொருள் போகிறது என்பது அதை நடத்துகிறவர்களுக்குத் தெரியும். உப்பைப் போடாமல் இருப்பதுதான் மலிவு. அதைத் தீர்மானிக்கிறவர் சுத்திகரிப்பு நிலைய இன்ஜினியர் அல்லர். மெஷின் பக்கம் நிற்கிற மாஸ்டர்.

ஒரு சின்ன உதாரணம். ப்ளீச்சிங்கில் ஹைட்ரஜன் பெராக்சைடு போடுகிறோம். அதைக் கில்லர் போட்டு முழுதும் அழித்துவிட்டுத்தான் சாயத்துக்குப் போக வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் அது சாயத்தைத் தின்னும். ஷேடு வெளிறும், சில சமயம் திட்டுத்திட்டாக வரும். மாஸ்டர் பார்ப்பார். சாயச் சரக்கு சரியில்லை என்று கம்பெனிக்காரருக்குப் போன் போடுவார். கம்பெனிக்காரர் துணி சரியில்லை என்பார். டாப்பிங் என்று மேலே இன்னும் கொஞ்சம் சாயம், இன்னும் கொஞ்சம் உப்பு. இத்தனைக்கும் மூலகாரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது ஒரு சோதனைத் தாள். தொட்டித் தண்ணீரில் முக்கி எடுத்தால் நிறம் மாறிக் காட்டிவிடும். அந்தத் தாளை முக்கும் பழக்கம் இருக்கிற ஆலையையும் இல்லாத ஆலையையும் நான் அலமாரியைத் திறந்து பார்த்தே சொல்லிவிடுவேன். முன்னதில் தாள் டப்பா பாதி காலியாக இருக்கும். பின்னதில் தணிக்கைக்கு வருகிறவர்களுக்காக வாங்கிய டப்பா சீல் பிரிக்காமல் இருக்கும்.

அடுத்தது கண். லேப் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்பது. பார்வைத் திறன் வேறு, நிறம் பிரித்தறியும் திறன் வேறு. அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கே சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது. 1794-இல் தம் கண்ணைப் பற்றித் தாமே கட்டுரை வாசித்தார். இந்தக் குறைபாடு ஆண்களிடம் அதிகம், பெண்களிடம் மிகக் குறைவு. மரபணு அப்படி. எனவே ஷேடு பார்க்கும் வேலைக்குப் பெண்களை எடுப்பது சலுகை அன்று, கணக்குப்படி புத்திசாலித்தனம். ஃபார்ன்ஸ்வொர்த்–மன்செல் சோதனை என்று ஒன்று உண்டு. மெல்ல மெல்ல நிறம் மாறும் வில்லைகளை வரிசைப்படுத்த வேண்டும். நூறு நிறச் சோதனை என்று பெயர். பெட்டியில் இருப்பது 85 வில்லைகள்தான். அதில் தேறாதவர் மோசமான தொழிலாளி இல்லை. அவருக்கு வேறு மேசை கொடுக்க வேண்டும், அவ்வளவே.

லேப் டிப் எப்படி நடக்கிறது என்று மாணவர்கள் ஒரு முழு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஐந்து கிராம் துணி, பிப்பெட்டில் அளந்த சாயக்கரைசல், சின்னக் குடுவை. வந்த துண்டை லைட் பாக்ஸில் பையர் அனுப்பிய துண்டின் பக்கத்தில் வைக்கிறார்கள். டி65 என்னும் பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். டிஎல்84 என்னும் கடை வெளிச்சத்துக்கு மாற்றியதும் ஒன்று செம்மை தட்டும், மற்றது பச்சை தட்டும். பையர் பயன்படுத்திய சாயக் கூட்டு வேறு, நாம் போட்ட கூட்டு வேறு என்பதுதான் காரணம். ஸ்பெக்ட்ரோ மெஷின், டெல்டா இ என்னும் நிற வேறுபாட்டு எண் ஒன்றுக்குக் கீழ் என்று பாஸ் போடும். பையரின் ஆள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஃபெயில் என்பார். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஏன் என்று விளக்கத் தெரிந்தவர்தான் கலரிஸ்ட். எண்ணை மட்டும் நம்புகிறவரும் கண்ணை மட்டும் நம்புகிறவரும் பாதி ஆட்கள்.

இந்த அறிவு நம் கரையோரம் புதிதில்லை. சோழமண்டலக் கரையின் சித்திரத் துணிகள் ஐரோப்பாவைக் கிறுகிறுக்க வைத்த காலத்தில், அந்த நிறம் ஏன் சலவைக்கு நிற்கிறது என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை. 1734 வாக்கில் புதுச்சேரியில் போலியூ என்னும் பிரெஞ்சுக் கடற்படைக்காரர் ஒரு காரியம் செய்தார். சாயக்காரர்கள் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தம் குறிப்போடு இணைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி இன்றும் பாரிஸில் இருக்கிறது. 1742-இல் கூர்து என்னும் இயேசு சபைப் பாதிரியார், கிறிஸ்தவத்துக்கு வந்த சாயத்தொழிலாளர்களிடம் கேட்டுக் கடிதமாக எழுதி அனுப்பினார். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து துணியை நனைப்பது, படிகாரம், சாயவேர் எல்லாம் அதில் உண்டு. கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பிடித்துவைக்கிறது. பாலின் கொழுப்பு தூரிகையால் தீட்டிய நிறம் பரவாமல் தடுக்கிறது. நம் ஆட்களுக்குச் செய்யத் தெரிந்தது. எழுதியவர்கள் அவர்கள்.

எழுதி வைத்ததோடு அவர்கள் நிற்கவில்லை, பள்ளிக்கூடம் கட்டினார்கள். அச்சுத்துணித் தொழில் செழித்த மியூலூஸ் நகரில் 1822-லேயே வேதியியல் பள்ளி வந்துவிட்டது. 1856-இல் லண்டனில் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர் க்வினைன் செய்யப் போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்ததை எல்லாப் பாடநூலும் சொல்லும். அவர் படித்த கல்லூரியில் ஹாஃப்மன் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் இருந்தார் என்பதைத்தான் நான் அடிக்கோடிடுவேன். தற்செயல் எல்லோருக்கும் நேரும். அதை அடையாளம் காணப் படிப்பு வேண்டும். நாற்பத்தோரு ஆண்டு கழித்து, 1897-இல், பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை அவுரிச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவின் அவுரித் தோட்டங்கள் காலியாயின.

1884-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் சாயமிடுவோர், வண்ணவியலாளர் சங்கம் ஒன்று தொடங்கியது. ஆலைக்காரர்களும் வேதியியலாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் 1924-இல் முதலில் வெளியிட்ட வண்ணக் குறியீட்டு அட்டவணைதான் இன்று உலகத்துக்கே பொது. மாஸ்டர்கள் பிளாக் பி என்று சொல்லுகிற கறுப்பு, எந்த நாட்டில் யார் என்ன பெயரில் விற்றாலும், அதில் ரியாக்டிவ் பிளாக் 5. சங்கத்துக்கு 1963-இல் அரச சாசனம் கிடைத்தது. தேர்வெழுதி, அனுபவம் காட்டி, சார்ட்டர்டு கலரிஸ்ட் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளலாம். ஆடிட்டருக்கு இருக்கும் மரியாதையைச் சாயக்காரருக்குக் கேட்டு வாங்கினார்கள்.

நம்மிடம் நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. மும்பையில் 1933-இல் தொடங்கிய வேதித் தொழில்நுட்பத் துறை தன் முதல் பாடங்களில் ஒன்றாக ஜவுளி வேதியியலை வைத்துக்கொண்டது. கிண்டியில் 1944-இலிருந்து அழகப்பச் செட்டியார் கல்லூரி, கோவையிலும் குமாரபாளையத்திலும் ஜவுளிப் படிப்புகள், சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், கோவையில் சிட்ரா ஆய்வகம் எல்லாம் இருக்கின்றன. குறை வேறிடத்தில். பெரும்பாலான ஜவுளிப் பட்டங்களில் நூற்பும் நெசவும் வீட்டுக்காரர்; சாயம் ஒட்டுக்குடித்தனம். இரண்டு மூன்று தாளோடு முடிந்துவிடும். நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை மெர்ச்சண்டைசிங்குக்குப் போகிறது. சாய ஆலை என்றால் ஈரம், நெடி, இரவு ஷிப்ட் என்று வீட்டில் பயம். கல்யாணச் சந்தையிலும் அந்த வேலைக்கு மவுசு இல்லை என்கிறார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஆனால் இந்தத் துறையில் வேலை ஆலைத் தரையோடு முடிவதில்லை என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். லேப் டெக்னீசியனாக நுழைகிறவர் டையிங் மாஸ்டராகலாம், பிராசசிங் மேனேஜராகலாம். சாயக் கம்பெனிகளின் தொழில்நுட்பச் சேவைப் பிரிவுக்குப் போகலாம். ஆலை ஆலையாகப் போய்ச் சிக்கல் தீர்க்கும் வேலை, கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது. சோதனைக்கூடங்களில் சலவை, உராய்வு, வெளிச்ச உறுதி பார்க்கும் வேலை இருக்கிறது. பிராண்டுகளின் அலுவலகங்களில் வண்ண மேலாளர்கள் இருக்கிறார்கள். ரசாயனப் பட்டியல்களைச் சரிபார்க்கும் வேலை புதிதாக வளர்ந்திருக்கிறது. ஒருசில அசோ சாயங்கள் உடைந்து புற்றுநோய் தரும் அமீன்களை வெளியிடும் என்று 1994-இல் ஜெர்மனி தடை கொண்டுவந்தது, 1997-இல் இந்தியாவும் தடுத்தது. அன்றிலிருந்து, சாயத்தின் விலைப்பட்டியலை மட்டும் படிக்கத் தெரிந்தவருக்கு மதிப்புக் குறைந்துகொண்டே வருகிறது. அதன் வேதியியலைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கூடுகிறது.

இன்னொன்றையும் பேசித்தான் ஆக வேண்டும். இன்று மெஷின் ஓட்டுகிறவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். மாஸ்டர் தமிழில் சொல்கிறார், அரைகுறை இந்தியில் சொல்கிறார். டிரம்மில் ஒட்டிய எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. ஹைட்ரோஸ் டிரம்மில் கொஞ்சம் ஈரம் பட்டாலே சூடேறித் தீப்பிடிக்கும்; அப்போது கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பது நிலைமையை இன்னும் மோசமாக்கும். கழிவுநீர்த் தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கையே மரக்க வைத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, இறங்கலாம் என்று இறங்கியவர்களும், அவர்களைத் தூக்கப் போனவர்களும் செத்துப்போன செய்தியை நாம் திரும்பத் திரும்பப் பத்திரிகையில் படிக்கிறோம். இந்த இரண்டு எச்சரிக்கையையும் அந்தத் தொழிலாளியின் மொழியில் சொல்லிக்கொடுக்க ஒரு பகல் போதும். சொல்லிக்கொடுக்காததற்கு ஒரு சமாதானமும் கிடையாது.

என்ன செய்யலாம்? பாய்லருக்கு இருப்பதுபோல் சாயப் பிரிவுக்கும் தேர்வெழுதித் தேறிய பொறுப்பாளர் ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும் வேண்டும் என்று அரசு விதி செய்யலாம். அந்தத் தேர்வு தமிழில் இருக்க வேண்டும். பாதி மதிப்பெண் மெஷின் பக்கத்தில் நின்று செய்து காட்டுவதற்கு. இப்போதுள்ள மாஸ்டர்களில் பெரும்பாலோர் முதல் முயற்சியிலேயே தேறிவிடுவார்கள். முன்அனுபவத்துக்குச் சான்று வழங்க மத்திய அரசின் திறன் திட்டங்களில் ஏற்கெனவே வழி இருக்கிறது. அதைச் சாயத்துக்கு ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதும். மாணவர்களுக்கு இரண்டு வார ஆலைப் பார்வை என்று பெயருக்கு நடப்பதை நிறுத்திவிட்டு, ஒரு முழுப் பருவம் ஷிப்டில் போட வேண்டும். ஆளுக்கு ஒரு மெஷின், ஆளுக்கு ஒரு நோட்டு. எந்த லாட் தவறியது, ஏன் தவறியது, அதனால் எத்தனை லிட்டர் போயிற்று என்று எழுதி வர வேண்டும். மதிப்பெண் அதற்கு.

மாஸ்டர்களுக்குச் சின்ன வருத்தம் வரலாம். எல்லா மாஸ்டரிடமும் ஒரு டைரி இருக்கிறது. எந்த ஷேடுக்கு எந்தக் கூட்டு, எந்தத் தண்ணீருக்கு எவ்வளவு உப்பு என்று தலைமுறை அனுபவம் அதில் இருக்கும். அதைக் காட்டிவிட்டால் தம் இடம் போய்விடும் என்ற பயமும் இருக்கிறது. நியாயமான பயம்தான்; கையில் வேறு சான்றிதழ் இல்லாதவருக்கு அந்த டைரிதான் சான்றிதழ். அதனால்தான் முதலில் அவருக்குச் சான்றிதழ் கொடுங்கள், பிறகு டைரியைக் கேளுங்கள் என்கிறேன். வரிசை மாறினால் நடக்காது.

ஆலை உரிமையாளர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். வாசலில் பதிவேடு ஒன்று வைக்கச் சொல்லியிருக்கிறேன். வருகிற கல்வியாண்டில் எத்தனை மாணவர்களை, உதவித்தொகையோடு, ஒரு பருவம் முழுதும் உங்கள் சாயப் பிரிவில் எடுத்துக்கொள்வீர்கள் என்று அதில் எழுதிவிட்டுப் போங்கள். ஒன்று என்றாலும் எழுதுங்கள். எடுக்கும் மாணவர்களில் பாதிப் பேராவது மாணவிகளாக இருக்கட்டும். இரவு ஷிப்டில் அவர்கள் வந்துபோக வண்டியும் போடுங்கள்.